பிரசவத்துக்குத் தயாராகும் பை: துணிமணிகளுக்கு முன்பு எடுத்து வைக்க வேண்டியவை என்னென்ன?

ஹைதராபாத் (தெலங்கானா): பிரசவத்துக்காக மருத்துவமனைக்குச் செல்லும்போது கொண்டு செல்லும் பையை எப்போது தயார் செய்வது, அதில் எவற்றை வைப்பது, எவற்றைத் தவிர்ப்பது என்ற கேள்வி கர்ப்பிணிகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. கடைகளில் கிடைக்கும் நீண்ட பட்டியல்கள் பெரும்பாலும் வாங்க வேண்டிய பொருட்களையே முன்வைக்கின்றன. ஆனால், வலி தொடங்கிய பிறகு மருத்துவர் முதலில் தேடுவது ரத்த வகையைக் காட்டும் தாளையும், கடைசியாக எடுத்த ஸ்கேன் அறிக்கையையும்தான். பையின் முதல் இடம் இந்த ஆவணங்களுக்கே உரியது.

பிரசவப் பைக்கும் ஹைதராபாத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்நகரின் பழைய பகுதியில் உள்ள பெட்லபுர்ஜ் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம், அப்போதைய முதலமைச்சர் கே.சந்திரசேகர் ராவ் 'கேசிஆர் கிட்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு மருத்துவமனையில் குழந்தை பெற்ற தாய்க்குக் கொசுவலை, குழந்தைக்கான சோப்பு, எண்ணெய், உடைகள், துண்டுகள், தாய்க்கான புடவைகள் உள்ளிட்ட பொருட்கள் அடங்கிய பை வழங்கப்பட்டது. ஆனால் அது பிரசவத்துக்குப் பிறகு கைக்கு வரும் பை. பிரசவத்துக்கு முன்பு எடுத்துச் செல்ல வேண்டிய பையைக் குடும்பத்தினரே தயார் செய்தாக வேண்டும்.

முன்கூட்டியே தயாராவது ஏன் அவசியம்?

பேறுகால மரணங்களுக்குக் காரணமாகும் தாமதங்களை 3 வகைகளாகப் பிரித்து, செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டு விளக்கினர். மருத்துவமனைக்குச் செல்லலாமா என்று முடிவெடுப்பதில் ஏற்படுவது முதல் தாமதம். வாகனம் கிடைத்துச் சென்றடைவதில் ஏற்படுவது இரண்டாவது. சென்றடைந்த பிறகு உரிய சிகிச்சை தொடங்குவதில் ஏற்படுவது மூன்றாவது. இந்த விளக்கம் இன்றும் பேறுகால நலத் திட்டங்களின் அடிப்படையாக உள்ளது.

பிரசவத்துக்குப் பிந்தைய கடும் உதிரப்போக்கு, நல்ல உடல்நிலையில் உள்ள தாயின் உயிரையும் சில மணி நேரத்துக்குள் பறித்துவிடக் கூடியது. அத்தகைய நேரத்தில் புடவை தேடுவதிலும், அட்டை தேடுவதிலும், வாகனத்துக்கு யாரை அழைப்பது என்ற விவாதத்திலும் கழியும் அரை மணி நேரம் பெரிய இழப்பாகிவிடும். முன்பே தயாராக இருக்கும் பையும், முன்பே எடுக்கப்பட்ட முடிவுகளும் இந்தத் தாமதங்களைக் குறைக்கின்றன.

ஹைதராபாத்தின் ரெட் ஹில்ஸ் பகுதியில் உள்ள நிலோஃபர் மருத்துவமனையின் வரலாறும் இதையே நினைவூட்டுகிறது. துருக்கியின் உஸ்மானிய அரச குடும்பத்திலிருந்து வந்து, கடைசி நிஜாமின் இளைய மகன் மோசம் ஜாவை மணந்தவர் இளவரசி நிலோஃபர். அவருடைய பணிப்பெண் ஒருவர் பிரசவத்தின்போது உயிரிழந்ததே, தாய் சேய் நலத்துக்கென ஒரு மருத்துவமனை அமைய வேண்டும் என்று அவர் வலியுறுத்தக் காரணமானது. அம்மருத்துவமனை 1953ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது.

அந்தக் காலத்திலிருந்து நிலைமை வெகுவாக மாறியுள்ளது. மாதிரிப் பதிவு முறை அறிக்கையின்படி, தெலங்கானாவில் 1 லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது நிகழும் பேறுகால மரணங்கள் 2014-16இல் 81 ஆக இருந்து, 2018-20இல் 43 ஆகக் குறைந்தன. அதே 2018-20 காலகட்டத்தில் தமிழ்நாட்டில் இந்த எண்ணிக்கை 54 ஆகவும், நாடு முழுவதற்குமான அளவு 97 ஆகவும் இருந்தன. எஞ்சியிருக்கும் மரணங்களையும் தடுப்பதில் மருத்துவமனைகளின் பங்குடன் குடும்பங்களின் முன்தயாரிப்புக்கும் பங்கு உண்டு.

எப்போது தயார் செய்வது?

கணக்கிடப்பட்ட பிரசவ தேதிக்குக் குறைந்தது 3 வாரங்களுக்கு முன்பே பை தயாராக இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை அளிக்கும் அறிவுரை. ஆனால் உலகில் சுமார் 10 குழந்தைகளில் ஒன்று, 37 வாரங்கள் நிறைவடையும் முன்பே பிறக்கிறது. எனவே எட்டாவது மாதம் முடிவதற்குள், அதாவது 34 முதல் 36 வாரங்களுக்குள் பையைத் தயார் செய்துவிடுவது நல்லது.

இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள், உயர் ரத்த அழுத்தம் அல்லது கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள், முன்பு குறைமாதத்தில் பிரசவித்தவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் கூறப்பட்டவர்கள் ஆகியோர் ஏழாவது மாதம் முடிவதற்குள்ளேயே தயாராகிவிட வேண்டும். வளைகாப்பு முடிந்த கையோடு பையை எடுத்து வைப்பதை வழக்கமாக்கிக் கொண்டால் மறதிக்கு இடமிருக்காது.

'குழந்தை பிறக்கும் முன்பே அதற்கென எதையும் வாங்கக் கூடாது' என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் உள்ளது. அந்த நம்பிக்கையை மீற விரும்பாதவர்களுக்கும் வழி உண்டு. வீட்டில் உள்ள பழைய பருத்திப் புடவை அல்லது வேட்டியைத் துவைத்துக் கத்தரித்து வைத்தாலே குழந்தைக்கான முதல் துணிகள் தயாராகிவிடும். ஆவணங்களும் தாய்க்கான பொருட்களும் எந்த நம்பிக்கைக்கும் முரணானவை அல்ல.

முதல் உறை: ஆவணங்கள்

நீர் புகாத பிளாஸ்டிக் உறை ஒன்றில் ஆவணங்கள் அனைத்தையும் வைத்து, பையைத் திறந்தவுடன் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

* தாய்-சேய் பாதுகாப்பு அட்டை அல்லது மருத்துவமனை வழங்கிய கர்ப்பகாலப் பதிவேடு
* ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ஹெபடைட்டிஸ் பி, எச்ஐவி பரிசோதனை முடிவுகள்
* ஸ்கேன் அறிக்கைகள் அனைத்தும். குறிப்பாகக் கடைசியாக எடுத்தது
* தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டும், அந்த மருந்துகளும்
* முந்தைய பிரசவம் அல்லது அறுவை சிகிச்சை குறித்த சுருக்க அறிக்கை
* தாய், தந்தை இருவரின் ஆதார் அட்டை நகல்கள், தாயின் வங்கிக் கணக்குப் புத்தக நகல்
* காப்பீட்டு அட்டை இருப்பின் அதன் நகல்

இவை வெறும் சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படுபவை அல்ல. தாயின் ரத்த வகை நெகட்டிவ் ஆகவும், குழந்தையின் ரத்த வகை பாசிட்டிவ் ஆகவும் இருந்தால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி செலுத்தப்பட வேண்டும். இது அடுத்த கர்ப்பத்தில் உருவாகும் குழந்தையைப் பாதுகாக்கிறது. தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி தொற்று இருப்பின், குழந்தைக்குத் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் ஊசியும் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தரப்படுவது சிறந்தது. கர்ப்பகால நீரிழிவு இருந்திருந்தால், பிறந்த குழந்தையின் சர்க்கரை அளவு கண்காணிக்கப்பட வேண்டும். முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தால், கருப்பையில் வெட்டு எந்த இடத்தில் இடப்பட்டது என்பது இப்போதைய பிரசவ முறையைத் தீர்மானிக்க உதவும்.

நள்ளிரவில், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இல்லாத நேரத்தில், பணியில் இருக்கும் புதிய மருத்துவருக்கு இந்தத் தகவல்களைச் சொல்லக் கூடியவை இந்தத் தாள்கள் மட்டுமே. ஒவ்வொரு தாளையும் கைபேசியில் படம் எடுத்து, உடன் வருபவருக்கும் அனுப்பி வைப்பது கூடுதல் பாதுகாப்பு.

இவற்றுடன் ஒரு தாளில் தொலைபேசி எண்களையும் எழுதி வைக்க வேண்டும். கைபேசியின் மின்சாரம் தீர்ந்தாலும் அந்தத் தாள் உதவும். மருத்துவமனை, ஆஷா பணியாளர் அல்லது கிராம சுகாதார செவிலியர், வாகன ஓட்டுநர், அவசர நேரத்தில் ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்ட இருவர் ஆகியோரின் எண்கள் அதில் இடம்பெற வேண்டும். 108 ஆம்புலன்ஸ் சேவை 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று முதன்முதலில் தொடங்கப்பட்டது ஹைதராபாத்தில்தான். இன்று தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் அதே எண் செயல்படுகிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வோர் கவனத்துக்கு

ஹைதராபாத், செகந்திராபாத் ஆகிய இரட்டை நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தமிழ்நாட்டில் உள்ள தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் தொடர்கிறது. ஏழு மாதங்கள் ஒரு மருத்துவரிடமும், கடைசி இரண்டு மாதங்கள் வேறொரு மாநிலத்தில் உள்ள மருத்துவரிடமும் பரிசோதனை நடைபெறும் இத்தகைய சூழலில், ஆவண உறையின் முக்கியத்துவம் இரட்டிப்பாகிறது.

பயணத்துக்கு முன்பு, அதுவரை நடந்த பரிசோதனைகளின் சுருக்கத்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். தெலுங்கில் எழுதப்பட்ட குறிப்புகள் இருப்பின், அவற்றை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு கேட்கலாம். ரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. அதைப் பெற மருத்துவச் சான்று தேவைப்படும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் விமானத்தில் பயணிக்க விமான நிறுவனங்கள் மருத்துவரின் கடிதத்தைக் கேட்கின்றன. பயணத்தின்போது ஆவண உறை பெட்டியினுள் அல்லாமல் கைப்பையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்குக் கர்ப்பிணிப் பதிவு எண் கேட்கப்படுகிறது. 'பிக்மி' எண் என்று பரவலாக அறியப்படும் இந்த எண்ணைப் பெற, தாய்வீடு வந்து சேர்ந்தவுடன் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்வது நல்லது. குழந்தை பிறந்த பிறகு இதற்காக அலைவதைத் தவிர்க்கலாம்.

தாய்க்கான பொருட்கள்

அழகைவிட வசதிக்கே இங்கு முன்னுரிமை. முன்புறம் திறக்கக் கூடிய தளர்வான பருத்தி நைட்டிகள் 3 அல்லது 4 போதுமானவை. பாலூட்டவும், மருத்துவர் பரிசோதிக்கவும், குழந்தையை மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளவும் இவை ஏற்றவை. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு மாதவிடாயைவிட அதிகமாக இருக்கும் என்பதால், பெரிய அளவிலான நாப்கின்கள் 2 பாக்கெட்டுகள் தேவைப்படும். வயிற்றை இறுக்காத பருத்தி உள்ளாடைகள், பாலூட்டும் உள்ளாடைகள், 2 துண்டுகள், ஒரு போர்வை, படுக்கை விரிப்பு, வழுக்காத செருப்பு, சீப்பு, பற்பசை, பிரஷ், சோப்பு ஆகியவையும் இருக்க வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் அதற்கான பெட்டியை மறக்கக் கூடாது.

வெந்நீருக்கு ஃபிளாஸ்க், டம்ளர், தட்டு, ஸ்பூன் ஆகியவை அரசு மருத்துவமனைகளில் பெரிதும் உதவும்.

நகைகளை வீட்டிலேயே விட்டுச் செல்வது பாதுகாப்பானது. அறுவை சிகிச்சை அரங்குக்குள் செல்லும் முன்பு உலோகப் பொருட்களைக் கழற்றச் சொல்வது வழக்கம். தாலிச் சங்கிலி, மெட்டி ஆகியவற்றைக் கழற்ற நேர்ந்தால், வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டியவர் யார் என்பதை முன்பே பேசி வைப்பது கடைசி நேர மனவருத்தத்தைத் தவிர்க்கும். வளைகாப்பில் அணிந்த கண்ணாடி வளையல்கள் கையில் நரம்பு ஊசி ஏற்றும்போது உடைந்து காயப்படுத்தலாம். நகப்பூச்சு இருந்தால், விரலில் மாட்டப்படும் ஆக்சிஜன் அளவுமானியின் கணக்கு தவறக் கூடும். எனவே ஒன்பதாம் மாதம் தொடங்கியவுடன் அதை நீக்கிவிடலாம்.

எத்தனை நாட்களுக்கான பை?

சுகப்பிரசவம் என்றால் 2 நாட்களுக்கு, சிசேரியன் என்றால் 4 முதல் 7 நாட்களுக்குத் தேவையான பொருட்கள் வேண்டும். தெலங்கானாவில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியமானது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, அம்மாநிலத்தில் 60.7 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் மூலம் நடந்துள்ளன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் இது 81.5 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 44.5 சதவீதம். தமிழ்நாட்டில் 44.9 சதவீதமும், நாடு முழுவதும் 21.5 சதவீதமும் பதிவாகியுள்ளன.

எனவே சுகப்பிரசவத்தையே எதிர்பார்க்கும் குடும்பமும், கூடுதலாக 3 நாட்களுக்கான துணிகளை மற்றொரு சிறு பையில் கட்டி வீட்டில் வைத்துவிடலாம். தேவைப்பட்டால் யாரேனும் எடுத்து வரலாம். தேவைப்படாவிட்டால் சுமையும் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடுப்புப் பகுதியில் இறுக்கமான நாடா உள்ள உடைகள் தையலில் உரசும் என்பதால், பாவாடைக்குப் பதிலாக நைட்டியே ஏற்றது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டும் வாங்கலாம்.

அரசு மருத்துவமனையில் பிரசவிப்போருக்கு, 2011ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரமம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் பிரசவம், சிசேரியன், மருந்துகள், பரிசோதனைகள், தேவைப்படும் ரத்தம் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். சுகப்பிரசவத்துக்கு 3 நாட்கள், சிசேரியனுக்கு 7 நாட்கள் வரை இலவச உணவும், வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும் மீண்டும் வீட்டுக்கும் வாகன வசதியும் இத்திட்டத்தில் அடங்கும். தெலங்கானாவில் 102 என்ற எண்ணில் 'அம்ம ஒடி' வாகனங்கள் இதற்கென இயக்கப்பட்டு வருகின்றன. இந்த உரிமைகளை அறிந்திருந்தால், பையையும் கையிருப்புப் பணத்தையும் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

குழந்தைக்கான பொருட்கள்

பிறந்த குழந்தைக்கு முதல் தேவை வெதுவெதுப்பு. கருப்பையின் வெப்பத்திலிருந்து வெளியே வரும் குழந்தையின் உடல் விரைவாகக் குளிர்ந்துவிடும். குறிப்பாகத் தலை வழியாக வெப்பம் அதிகம் வெளியேறும். ஹைதராபாத்தின் மார்கழிக் குளிருக்கு மட்டுமல்ல, கோடையில் குளிரூட்டப்பட்ட அறைகளுக்கும் இது பொருந்தும். எனவே துவைத்து வெயிலில் உலர்த்திய மென்மையான பருத்தித் துணிகள் 8 முதல் 10, இரண்டு தொப்பிகள், காலுறைகள், முன்புறம் முடிச்சிடும் சட்டைகள் 4, சுற்றிப் போர்த்த 2 துணிகள், கழுவிப் பயன்படுத்தும் நாப்கின் துணிகள் ஒரு டஜன், சிறிய ரப்பர் விரிப்பு ஒன்று ஆகியவை போதும்.

புதிதாக வாங்கிய உடையைத் துவைக்காமல் அணிவிக்கக் கூடாது. நாப்தலீன் உருண்டைகள் போட்டுப் பெட்டியில் வைத்திருந்த பழைய துணிகளை அப்படியே பயன்படுத்துவதும் ஆபத்தானது. அந்த வாசனை, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை ஏற்படக் காரணமாகலாம்.

குழந்தையைக் குளிப்பாட்டும் பொருட்களை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய அவசியமில்லை. பிறந்து 24 மணி நேரம் வரை குளிப்பாட்டுவதைத் தள்ளிப்போட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. குழந்தையின் தோலில் படிந்திருக்கும் வெண்ணிற மாவு போன்ற படலம் அழுக்கு அல்ல. அது தோலுக்கு இயற்கையான பாதுகாப்பு.

பையில் இடம்பெறக் கூடாதவை

பால்புட்டி, பால்பவுடர், தேன், சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய், கிரைப் வாட்டர் ஆகியவை பையில் இருக்கவே கூடாதவை. மூத்தோர் ஒருவர் விரலில் தொட்டு இனிப்பு வைக்கும் 'சேனை' சடங்கு தமிழகக் குடும்பங்களில் இன்னும் தொடர்கிறது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பது, பொட்டுலிசம் என்ற நரம்பைத் தாக்கும் நோய்க்கு வழிவகுக்கலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலும், முதல் 6 மாதங்கள் தாய்ப்பாலும் மட்டுமே குழந்தைக்கு உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 41.8 சதவீதம் மட்டுமே.

பால்பவுடர் விளம்பரங்களும் இலவச மாதிரிகளும், 1992ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் மூலம் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளன. மருத்துவக் காரணத்துக்காகக் குழந்தைக்கு வேறு பால் தேவைப்பட்டால், அதை மருத்துவரே முடிவு செய்வார்.

கண் மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. பவுடரின் நுண்துகள்கள் மூச்சுவழியாக உள்ளே செல்லலாம். வசம்பு கோத்த வளையலும், கழுத்தில் கட்டும் கயிறும் குழந்தையின் வாய்க்கோ கழுத்துக்கோ ஆபத்தாக முடியலாம். தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதையும் தடவாமல் உலர்வாக விடுவதே பொதுவான அறிவுரை. எனவே இவற்றுக்கும் பையில் இடமில்லை.

உடன் வருபவருக்கும் ஒரு பை

பிரசவ அறையில் கர்ப்பிணிக்குத் துணையாக ஒருவர் இருப்பதை அரசு மருத்துவமனைகளில் அனுமதிக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. யார் உள்ளே வரலாம் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுபடும் என்பதால், முன்பே கேட்டு அறிந்துகொள்வது நல்லது. தாயாரோ, மாமியாரோ, அக்காவோ, கணவரோ, யார் வருவது என்பதை ஒன்பதாம் மாதத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். அவர் வெளியூர் சென்றிருந்தால் மாற்றாக வருபவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

துணையாக வருபவர் மாற்றுடை, சார்ஜர், தாம் உட்கொள்ளும் மருந்துகள், சிறிதளவு ரொக்கம், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளலாம். பெரிய பையில் எந்தப் பொருள் எங்கே உள்ளது என்பது அவருக்குத் தெரிந்திருப்பது இன்றியமையாதது. வலியில் இருக்கும் பெண்ணிடம் 'அட்டை எங்கே, துணி எங்கே' என்று கேட்டுக் கொண்டிருக்க முடியாது. எனவே பையை அடுக்கும்போதே அவரும் உடனிருப்பது சிறந்தது.

பெண்ணுக்கு இரண்டாவது குழந்தை என்றால், மூத்த குழந்தையை யாரிடம் விடுவது என்பதும் இந்தத் திட்டத்தில் அடங்க வேண்டும். பலர் மருத்துவமனைக்குக் கிளம்பத் தாமதிப்பது இந்தக் காரணத்தால்தான்.

அரசுகளே பை கொடுத்த வரலாறு

பேறுகாலப் பொருட்களை அரசே வழங்கும் திட்டத்துக்கு முன்னோடி ஃபின்லாந்து. அங்கு 1938ஆம் ஆண்டு வருமானம் குறைந்த தாய்மார்களுக்கு வழங்கத் தொடங்கிய பெட்டி, 1949 முதல் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கர்ப்பத்தின் நான்காவது மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. பொருட்களை எடுத்த பிறகு, அந்த அட்டைப் பெட்டியே குழந்தையின் முதல் படுக்கையானது.

தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு 'அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம்' தொடங்கப்பட்டது. ரூ.1,000 மதிப்பிலான 16 பொருட்கள் அதில் இருந்தன. துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை ஆகியவற்றுடன் தாய்க்கெனச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இடம்பெற்றது அதன் தனித்தன்மை.

தெலங்கானாவின் கேசிஆர் கிட் திட்டத்தில், பொருட்களுடன் ஆண் குழந்தைக்கு ரூ.12,000, பெண் குழந்தைக்கு ரூ.13,000 எனத் தவணைகளில் உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது. கர்ப்பகாலப் பரிசோதனைகள், அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தையின் தடுப்பூசிகள் என ஒவ்வொரு படியையும் கடக்கும்போது ஒவ்வொரு தவணை வழங்கப்பட்டது. நான்காவது தேசிய குடும்ப நல ஆய்வில் தெலங்கானாவின் பிரசவங்களில் சுமார் 30 சதவீதம் அரசு மருத்துவமனைகளில் நடந்திருந்த நிலையில், ஐந்தாவது ஆய்வில் அது சுமார் 50 சதவீதமாக உயர்ந்தது.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் அம்மாநிலத்தில் ஆட்சி மாறியது. அரசுகள் மாறும்போது திட்டங்களின் பெயரும் பொருட்களும் மாறக் கூடும். எனவே தற்போது என்னென்ன வழங்கப்படுகிறது என்பதை ஆஷா பணியாளரிடமோ மருத்துவமனையிலோ கேட்டறிந்து, கிடைக்கும் பொருட்களை மீண்டும் வாங்காமல் தவிர்க்கலாம். உதவித்தொகை பெறுவதற்கும் தாயின் வங்கிக் கணக்கு விவரமும் ஆதார் நகலும் தேவைப்படும் என்பதால், அவை ஆவண உறையில் இருப்பது இங்கும் பயன்படுகிறது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியது எப்போது?

வலி சீரான இடைவெளியில் வந்து, இடைவெளி குறைந்துகொண்டே சென்றால் கிளம்பலாம். முதல் பிரசவத்தில் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரமாகத் தொடர்வதைப் பொதுவான அடையாளமாகக் கொள்வர். மருத்துவமனை தொலைவில் இருப்பவர்களும், முன்பு விரைவாகப் பிரசவித்தவர்களும் அதுவரை காத்திருக்கக் கூடாது.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும், வலி இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும்:

* பனிக்குடம் உடைந்து நீர் வெளியேறுதல். குறிப்பாக நீர் பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் இருத்தல்
* உதிரப்போக்கு
* குழந்தையின் அசைவு குறைதல் அல்லது நின்றுபோதல்
* கடும் தலைவலி, பார்வை மங்குதல், முகத்தில் திடீர் வீக்கம், மேல்வயிற்றில் வலி
* வலிப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல்

இத்தகைய நேரத்தில் பை தயாராக இல்லாவிட்டாலும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஆவண உறையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். மற்றவற்றைப் பிறகு யாரேனும் கொண்டு வரலாம்.

வீடு திரும்பும்போது பையில் இருக்க வேண்டியவை

சென்றபோது இருந்ததைவிட, திரும்பும்போது ஆவண உறை கனமாக இருக்கும். தாய்க்கும் குழந்தைக்குமான வெளியேற்றச் சுருக்க அறிக்கைகள், குழந்தையின் பிறப்பு எடை, ரத்த வகை, பிறந்த நேரம் ஆகிய விவரங்கள் சரியாக உள்ளனவா என்று பார்த்துப் பெற வேண்டும். பிறந்தவுடன் தர வேண்டிய பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைட்டிஸ் பி ஆகியவை தரப்பட்டுத் தடுப்பூசி அட்டையில் பதிவாகியுள்ளனவா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் விதி. மருத்துவமனையில் நடக்கும் பிரசவத்தை அந்த மருத்துவமனையே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்த நாளிலிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி உள்ளிட்டவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்குமான ஆதாரம்.

ஹைதராபாத்தில் பிரசவிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்குக் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். தெலுங்கு மரபில் பெயருக்கு முன் 'இன்டி பேரு' எனப்படும் குடும்பப் பெயர் உண்டு. தமிழர்களுக்கோ தந்தை பெயரின் தலைப்பெழுத்து மட்டுமே. படிவத்தை நிரப்புபவர் அந்த எழுத்தைத் தம் விருப்பப்படி விரித்தோ விட்டுவிட்டோ எழுதினால், பின்னாளில் கடவுச்சீட்டு பெறும்போது திருத்தத்துக்காக அலைய நேரிடும். எனவே தாய், தந்தை பெயர்களை ஆதாரில் உள்ளவாறே ஆங்கிலத்தில் தெளிவாக எழுதிய தாள் ஒன்றை ஆவண உறையில் வைத்து, படிவம் நிரப்பும்போது கொடுத்துவிடுவது எளிய தீர்வு. கையெழுத்திடும் முன்பு ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்க்க வேண்டும்.

குறிப்பு: இந்தச் செய்தியில் இடம்பெற்றுள்ளவை பொதுவான தகவல்கள் மட்டுமே. கர்ப்பகாலத்திலும் பிரசவத்தின்போதும் எழும் உடல்நலச் சிக்கல்களுக்கு உரிய மருத்துவரின் ஆலோசனையைப் பெற்று அதன்படி நடக்க வேண்டும்.